செலையூர் ஹாலும் எங்கள் வளவும்

காரைக்குடி,
மாசி மாதம்.

அன்புள்ள நாசரேத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் புரை எடுத்த பிறகாவது கையெழுத்து திருந்தியிருக்கும் என்று பார்த்தேன், இல்லை. உன் நோட்டை இரவல் வாங்கிப் படித்த காலத்தில் பட்ட பாட்டை மறுபடியும் பட்டேன். போனில் பேசிவிட வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்கிறார்கள். போனில் நாம் பேசுவது சர்க்கரை எவ்வளவு, தூக்கம் வருகிறதா என்பதோடு நின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் எழுத உட்கார்ந்தால்தான் வரும்.

முதலில் சேதிகள். முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டேன். வீட்டு விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி, ஹோட்டல்காரர்களுக்கு நீண்ட கால வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறார். சென்னையில் இருப்பவர், அப்புறம் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் எங்கே போய் நிற்பது என்கிறார். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். இதற்கிடையில் ஐப்பசி மழையில் மூன்றாம் கட்டில் ஓடு சரிந்து, அதை மாற்றும் செலவு மட்டும் உள்ளூரில் இருக்கிற என் தலையில்.

மூத்த பேத்தி ப்ளஸ் டூ எழுதுகிறாள். தாவரவியல்தான் படிப்பேன், அதுவும் தாம்பரத்தில் நாம் படித்த மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில்தான் என்று ஒரே பிடி. நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே பிடித்தது. "அய்யா, உங்க காலேஜைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மெஸ் சாப்பாடு, ராத்திரியில் நம் விடுதியான செலையூர் ஹால் ஓரமாக மேய்ந்த புள்ளிமான்கள், தாம்பரத்தில் ஏறினால் பீச் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற மின்சார ரயில், தாமஸ் ஹால்காரர்களோடு போட்ட சண்டை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஹாஸ்டல் கதை, காலேஜ் கதை எங்கே?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். ஆண்டர்சன் என்றால் நமக்குக் கூட்டம் நடக்கிற ஹால். மில்லர் என்றால் நூலகம். ஹீபர் என்றால் கிரிக்கெட்டில் நம்மை அடித்த பையன்கள். ஆண்டர்சனும் மில்லரும் ஒரு காலத்தில் சாப்பிட்டு, சண்டை போட்டு, கடன் வாங்கிக் காலேஜ் கட்டிய ஆட்கள் என்று நாம் யோசித்ததே இல்லை. கிடைத்த கல்லூரி வரலாற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு கார்த்திகையிலிருந்து படித்தேன். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

1837 ஏப்ரலில் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மதராஸ் ஆர்மீனியன் தெருவில் வாடகைக்கு எடுத்த இடத்தில் 59 பையன்களோடு தொடங்கிய பள்ளிக்கூடம் அது. பிறகு ஹைகோர்ட்டுக்கு எதிரே எஸ்பிளனேடில் நூறு வருஷம் போல இருந்தது. அங்கிருந்து பவளக்காரத் தெரு கூப்பிடு தூரம். எங்கள் நகரத்தார் ஆட்களின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடந்த தெரு. என் பாட்டனார் ரங்கூனுக்குக் கப்பல் ஏறப் போகும்போதும் வரும்போதும் அங்கேதான் தங்குவாராம். அந்தக் காலேஜ் வாசலை எத்தனை தடவை தாண்டியிருப்பார். எங்கள் குடும்பத்தில் அதற்குள் நுழைந்த முதல் ஆள் நான். அதற்குள் காலேஜே தாம்பரத்துக்குப் போய்விட்டிருந்தது.

பள்ளி தொடங்கி மறுவருஷமே ஒரு தகராறு. 1838-ல், சாதிப் பையன்கள் நடுவே தாழ்த்தப்பட்ட பையன்கள் சிலர் உட்கார்ந்து படிப்பது தெரியவந்தது. பெற்றோர் திரண்டு வந்தார்கள். அவர்களை அனுப்பு, இல்லையென்றால் தனி பெஞ்சிலாவது உட்கார வை என்றார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் முடியாது என்றுவிட்டார். கூட்டம் கூட்டமாகப் பையன்கள் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிக்கு அப்போது வேரே பிடிக்கவில்லை. தனி பெஞ்சுக்குச் சம்மதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அதுவே பெரிய தாராளம் என்றுகூடப் பேசியிருப்பார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் மெஸ் ஞாபகம்தான் வந்தது. எங்கள் வீடு உனக்குத் தெரியும். திண்ணை, முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்துவிட்டு, என்ன வேலைப்பாடு என்று வருகிறவர்கள் வியக்கிறார்கள். அந்த வீடு இன்னொரு கணக்கிலும் கட்டப்பட்டது. யார் எதுவரைக்கும் வரலாம் என்ற கணக்கு. வியாபாரம் பேச வருகிறவர் முகப்போடு சரி. பங்காளியும் தாயபிள்ளையும் வளவுக்கு வரலாம். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்வாசல். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, நிலைப்படிகளே சொல்லிவிடும். அதில் பதினேழு வயது வரை வளர்ந்தவன், 1970-ல் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பலகார டின்னுமாகச் செலையூர் ஹாலில் வந்து இறங்கினேன்.

மெஸ்ஸில் முதல் நாள் எனக்கு ஒரு பக்கம் நீ. இன்னொரு பக்கம் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து உதவித்தொகையில் வந்த நம் கணக்குப் புலி. யார் முதலில் வருகிறாரோ அவர் பக்கத்தில் அடுத்தவர், அவ்வளவுதான் விதி. சாம்பார் வாளி அவன் கையிலிருந்து என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது புரட்சி, சமத்துவம் என்று எதுவும் தோன்றவில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்றுதான் தோன்றியது. லீவுக்கு வந்தபோது அப்பத்தா கேட்டார்: "அங்கே பக்கத்துல யாரு உக்காந்து சாப்பிடுறாக?" எல்லாரும்தான் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. "எல்லாரும்னா யாரு?" என்று மறுபடியும் கேட்டார்.

1972 பொங்கல் லீவில் நீ இங்கே வந்தாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஞாபகம் இருப்பது அப்பத்தா கேட்ட கேள்வி மட்டும்தான். "நீங்க எந்த வட்டகை தம்பி?" என்றார். எங்கள் ஊர்கள் அடங்கிய பிரிவைத்தான் வட்டகை என்போம். நீ திருநெல்வேலி ஜில்லா என்றாய். "திருநெல்வேலியில நம்ம ஆளுக யாரு இருக்கா?" என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனவர், ராத்திரி வரைக்கும் யோசித்தார். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது, நீ கிணற்றடியில் இருந்தாய். சமையல்காரர் வந்து, தம்பிக்கு இலை எங்கே போட என்று என் தகப்பனாரான அப்பச்சியைக் கேட்டார். அப்பச்சி வட்டிக் கணக்கில்கூட அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. கடைசியில், "முகப்பிலே போடு. ரெண்டு இலையாப் போடு, இவனுக்கும் அங்கேயே" என்றார். நீ கிளம்பிய அன்றைக்குக் காலையில் வெள்ளைப் பணியாரம் வைத்த இலை வளவில் கிடந்தது. இடையில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பச்சி அதைப் பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ஆண்டர்சன் அன்றைக்குத் தனி பெஞ்சு போட்டிருந்தால், நூற்று முப்பது வருஷம் கழித்து நம் மெஸ்ஸிலும் தனி பெஞ்சு இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நடுவில் சட்டம் வந்தது, பெரியார் வந்தார், எத்தனையோ நடந்தது. ஆனால் நமக்குச் சும்மா கிடைத்ததாக நினைத்த ஒன்றுக்கு யாரோ முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட என்னால் முடியாது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்பதால் சொல்கிறேன். 1841-ல் அந்தப் பள்ளியில் படித்த மூன்று பேர், ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு, ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஊரே கொந்தளித்தது. பள்ளி கிட்டத்தட்டக் காலியானது. வரலாற்றில் இது பெரிய விசுவாசச் சாதனையாக வருகிறது. எனக்கு அந்தப் பையன்களின் தாய்மார்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். படிக்க அனுப்பிய பிள்ளை வீட்டுக்குத் திரும்பவில்லை என்றால் எந்த ஆத்தா பொறுப்பார்? ஆண்டர்சனுக்கு இரண்டும் ஒரே பிடிவாதம்தான்: பெஞ்சை மாற்ற மாட்டேன் என்றதும், ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட மாட்டேன் என்றதும். ஒன்றுக்குக் கை கூப்புகிறேன், இன்னொன்றுக்கு முடியவில்லை. உன் ஊரில் நூற்றாண்டு கடந்த கிறிஸ்தவக் குடும்பத்துக்காரன் நீ, இதை வேறு மாதிரி பார்ப்பாய். பதிலில் எழுது.

எனக்குப் பிடித்த ஆள் மில்லர். 1862-ல் இருபத்துநாலு வயதில் வந்து, 1907 வரை விடாமல் நடத்தினார். 1877-ல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயர் வந்தது அவர் காலத்தில்தான். தன் கைக்காசையும் குடும்பக் காசையும் அதில் போட்டார். ஸ்காட்லாந்தில் சபைக்காரர்கள், இவ்வளவு செலவு செய்கிறாயே, எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று கணக்குக் கேட்டார்கள். அவர் கணக்குக் காட்டவில்லை. ஆளை மாற்றுவது என் வேலை இல்லை, நல்ல சிந்தனையை ஊருக்குள் பரவ விடுவதுதான் கல்லூரியின் வேலை என்ற போக்கில் பதில் சொன்னார். முதல் போட்டவனுக்கு வட்டி எங்கே என்று கேட்பது எங்கள் ஆட்களின் பழக்கம். மில்லர் எங்களிடம் வந்திருந்தால் ஒரு ரூபாய் பெயர்ந்திருக்காது!

அப்படிச் சொல்லவும் முடியாது. 1947-ல் சென்னையில் ஒரு கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேச, அந்த இடத்திலேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்ற அழகப்பரும் எங்கள் ஆள்தான். இங்கே மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-ல் அந்த ஆய்வகத்தைத் திறந்து வைத்தவர் அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். தினம் காலையில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறேன், அவர் நம் காலேஜ்காரர் என்பது இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

அந்த ராதாகிருஷ்ணன் கதையும் நன்றாக இருக்கிறது. பாதிரிமார் வகுப்பில், வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் இல்லை என்ற பேச்சு அடிக்கடி வருமாம். பையனுக்குச் சுருக்கென்றிருக்கிறது. எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். அதைப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் ஹாக், பிற்பாடு தாம்பரத்துக்கு மாறியபோது முதல்வராக இருந்தவர். என்னை மறுத்துப் பேசு, நன்றாகப் பேசினால் மார்க் போடுகிறேன் என்ற இந்தக் குணத்தை நம் காலத்திலும் பார்த்தோம் இல்லையா? பைபிள் வகுப்பில் நீ வாயே திறக்காமல் இருப்பாய், நான் எழுந்து எழுந்து கேள்வி கேட்பேன். என்னை யாரும் உட்கார் என்று சொன்னதே இல்லை.

என் மைத்துனர் மகன் ஒருவன், இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் உங்கள் காலேஜ்தான், நம்ம ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். காலேஜ் சரி. ஆள் கோயம்புத்தூர். செட்டியார் என்று இருந்துவிட்டால் நமக்குப் பங்கு வந்துவிடுமா?

கம்பன் சமாசாரம் ஒன்று. இங்கே சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் விழா இன்றும் பங்குனியில் நடக்கிறது. போன வருஷம் ஒரு பேச்சாளர் சொன்னார். மில்லர் வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் பாடம் நடத்தும்போது, துடுப்புப் போட்டுப் போகும் ஓடத்தை, சிறகடித்து நீந்தும் அன்னத்தோடு ஒப்பிட்ட இடத்தைச் சொல்லி, இப்படித் தமிழில் உண்டா என்று கேட்டாராம். சூரியநாராயணன் என்ற மாணவர் எழுந்து, குகன் ஓட்டிய ஓடம் இளம் அன்னம் போலக் கங்கையில் போனதைக் கம்பன் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே பாடிவிட்டான் என்று பாட்டோடு சொன்னாராம். பந்தலில் கைதட்டல் அடங்கவே நேரம் ஆயிற்று. தமிழ் ஜெயித்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அதற்கு அடுத்த பாதிதான் முக்கியமாகப் பட்டது. அந்த மாணவர்தான் பரிதிமாற் கலைஞர். அவரையே அதே கல்லூரி தமிழாசிரியர் ஆக்கியது, பிறகு தமிழ்த் துறைக்குத் தலைவரும் ஆனார். தமிழைச் செம்மொழி என்று அறிவிக்க வேண்டும் என்று அவர் எழுதியது 1902-ல். மறுவருஷமே, முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார். அரசு அதை அறிவித்தது 2004-ல். இதையெல்லாம் பந்தலில் சொல்ல நேரம் இல்லை.

தாம்பரத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் டவுனில் விளையாட இடமில்லை, மூச்சு விட இடமில்லை என்று ஊருக்கு வெளியே இடம் தேடினார்கள். செலையூர்க் காட்டு நிலம் கிடைத்தது. 365 ஏக்கர், வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை ஏக்கர் என்று முதல் வாரமே சீனியர்கள் நமக்குச் சொன்னது ஞாபகம் இருக்கும். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது, அதனால்தான் அவ்வளவு தூரம் துணிந்தார்கள் என்று நினைக்கிறேன். 1937 ஜனவரியில் குடிபோனார்கள். அப்போது அது முள்ளும் புதரும். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் மரமாக வைத்து வளர்த்தார்கள். நாம் தூங்கிய, புகைத்த, காதல் கடிதம் எழுதிக் கிழித்த நிழல் எல்லாம் அந்த இரண்டு பேர் போட்டது. பேத்திக்கு இந்த இடம்தான் பிடித்தது. வேதியியல்காரர் ஏன் மரம் வைத்தார் என்று கேட்டாள். அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை.

ஹீபர் ஹால் பெயரும் சும்மா வந்ததில்லை. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி 1930-களில் நம் கல்லூரியோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரைத்தான் ஹாலுக்கு வைத்தார்கள். 1966-ல் திருச்சியில் அது மறுபடியும் முளைத்தது. ஆகவே நம்மைக் கிரிக்கெட்டில் அடித்தது ஒரு ஹால் இல்லை, முழு காலேஜ் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

நாம் சேர்ந்தபோது முதல்வராக இருந்த சந்திரன் தேவநேசன்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். அது 1962-ல். தொடங்கி 125 வருஷம் கழித்து! ஹாலில் இதை யாரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை. நமக்கு அவர் பிரின்சிபால், பார்த்தால் சிகரெட்டை மறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. புள்ளியியல் துறையில் கிஃப்ட் சிரோமணி இருந்தாரே. அவரும் கணிதத் துறை ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, நாம் படித்து முடித்து வெளியேறிய மறுவருஷம், 1974-ல், கோலம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்து இழுக்கிற கோலத்தை மொழிக்கு இலக்கணம் எழுதுவது போல விதிகளாக எழுதலாம், அந்த விதிகளைக் கொண்டு கம்ப்யூட்டரே கோலம் போடும் என்று காட்டினார்கள். என் ஆத்தா நோன்பு நாளில் நடுவீட்டுக் கோலம் போடுவதை நீ பார்த்திருக்கிறாய். பச்சரிசி மாவைத் துணியில் நனைத்து, மோதிர விரல் வழியாக இழை இழையாக விடுவார். கோடு எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தெரியாது. கேட்டால், "கை போற போக்கு" என்பார். கை போகிற போக்குக்கு இலக்கணம் உண்டு என்று கண்டுபிடித்தவர்கள் நாம் தினம் நடந்த வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்கள். நாம் அப்போது எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்து மவுண்ட் ரோட்டுக்குப் படம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம்.

பேத்தி அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஆத்தா கோலம் யாராவது வரைஞ்சு வச்சிருக்காங்களா?" என்றாள். யாரும் வைக்கவில்லை. என் சின்ன ஆச்சிக்குக் கொஞ்சம் தெரியும். அவரை உட்கார வைத்துப் போடச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வீடு ஹோட்டலாவதற்குள் முடித்துவிட வேண்டுமாம்.

சரி, பங்குனியில் வா. கம்பன் விழா கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நடக்கும், சேர்ந்து போவோம். மதுரை வரை ரயிலில் வந்துவிடு, அங்கிருந்து காரைக்குடிக்குப் பஸ் எந்நேரமும் உண்டு. நான் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புகிறேன். 1973-ல் எடுத்த ஹால் குரூப் போட்டோ உன்னிடம்தான் இருக்க வேண்டும், என்னுடையதைக் கரையான் தின்றுவிட்டது. அதைத் தேடி எடுத்து வா. பின் வரிசையில் இடமிருந்து நாலாவது நிற்பவன் பெயர் எத்தனை யோசித்தும் வரவில்லை. கணக்குப் புலியின் விலாசம் யாரிடமாவது கிடைத்தால் விசாரித்து வை. அப்புறம், வீட்டில் உடன்குடிக் கருப்பட்டி கேட்கிறார்கள். இரண்டு கிலோ போதும்.

அன்புடன்,
உன் காரைக்குடியான்